அச்சமும் காதலும்: எண்டமூரியின் இரு புதினங்களும் அணங்கு மரபும்

அச்சக்கதை எழுதிப் பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவர் காதற்கதைக்குத் திரும்புவாராயின், அவரைப் பற்றி இருவகையான பேச்சு எழுவது வழக்கம். தமக்குரிய நிலத்தை விட்டு வேற்று நிலம் புகுந்தார் என்பர் ஒரு சாரார். விற்பனைக்கு வளைந்துகொடுத்தார் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்தும் ஓர் எண்ணத்தின்மேல் நிற்பவை. அச்சமும் காதலும் வெவ்வேறு கருவிகளால் ஆக்கப்படுவன என்பதே அவ்வெண்ணம். அது பொருந்துமா என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். தெலுங்கில் எழுதித் தமிழிலும் கன்னடத்திலும் பரவிய எண்டமூரி வீரேந்திரநாத் அவர்களின் இரு புதினங்களை இதற்குச் சான்றாகக் கொள்கின்றேன். தமிழ்த்துறை ஆய்விதழில் தெலுங்குப் புதினம் எதற்கு என்று வினவுவார் இருப்பர். அதற்கு விடை பின்னே வரும்.

மேலைநாடுகளில் இம்மாற்றம் நன்கு அறியப்பட்ட ஒன்று. அயர்லாந்து எழுத்தாளர் லெ ஃபானு 1872இல் வெளியிட்ட ‘கார்மில்லா’ என்னும் குறும்புதினத்திலேயே குருதியுண்ணும் பேய் அன்பு மொழி பேசுகின்றது. 1897இல் வந்த ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ அவ்வன்பை நீக்கி அச்சத்தையே பெருக்கியது. 1976இல் ஆன் ரைஸ் அப்பேயையே தன் துயரைத் தானே சொல்லும் தலைவனாக்கினார். லாரல் ஹாமில்டன் 1993இல் தொடங்கிய தொடர்கதை துப்பறிதலும் அச்சமுமாகப் புறப்பட்டு, நூல்தோறும் காமச்சுவை மிக்கு, ஈற்றில் வேறொரு வகையாகவே ஆயிற்று. 2005இல் ஸ்டெஃபனி மேயரின் ‘ட்விலைட்’ வந்தபோது பேய்க்காதல் என்பது புத்தகக் கடையில் தனித் தட்டுடைய வகையாகிவிட்டது. இவ்வளர்ச்சியில் நிகழ்ந்தது ஒன்றே. அஞ்சத்தக்கவன் அன்புக்குரியவன் ஆனான். பேயின் பல் அப்படியே இருக்க, அதைக் காணும் கண் மாறியது.

நம் நாட்டில் இம்மாற்றம் வேறு வழியில் நடந்துள்ளது. அவ்வழியை அறியத் தொல்காப்பியத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நான்கு எனப் பகுக்கின்றது. அச்சத்துக்குரிய நான்கனுள் முதலாவது அணங்கு. விலங்கு, கள்வர், இறை என்பன ஏனைய மூன்று. அணங்கு என்னும் இச்சொல் வருத்தும் தெய்வத்தையும், அத்தெய்வம் செய்யும் வருத்தத்தையும் ஒருங்கே உணர்த்துவது. அச்சொல்லே காமத்துப்பாலின் வாயிலிலும் நிற்கின்றது. திருக்குறளின் 109ஆம் அதிகாரத்துக்குத் தகையணங்குறுத்தல் என்பது பெயர். தலைவியை முதன்முதற் கண்ட தலைவன், இவள் வருத்தும் தெய்வமோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என ஐயுறுகின்றான். ஐயத்தின் முதற்படியில் அவன் உள்ளத்தில் எழுவது அச்சத்துக்குரிய பொருளே. அழகு கண்டவிடத்து அணங்கு என்று சொல்லும் மொழியில், அச்சத்துக்கும் காதலுக்கும் இடையே மதில் எழுப்புதல் எளிதன்று.

இதனைச் சொல்லளவில் நிறுத்தாது செய்யுளிற் காண்போம். வெறிபாடிய காமக்கண்ணியார் என்னும் புலவர், வெறியாட்டைப் பாடிய சிறப்பால் அப்பெயர் பெற்றவர். அவருடைய பாடல்களுள் அகநானூற்று 22ஆம் பாட்டு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தலைவி மெலிகின்றாள். மெலிவின் காரணம் அறியாத தாய், இது முருகணங்கு எனக் கட்டுவித்தி சொல்லக் கேட்டு, வேலனை அழைத்து வெறியெடுக்கின்றாள். களம் இழைத்து, மாலை சூட்டி, பலி தூவி, முருகனை வரவழைத்த அந்த நடுநாளில் தலைவன் வருகின்றான். எவ்வாறு வருகின்றான்? யானையை இரையாகக் கொள்ளக் கருதி ஒளிந்து இயங்கும் வலிய புலியைப்போல் வருகின்றான். காவலர் அறியாமல் மனை புகுகின்றான். தலைவியின் நோய் தணிகின்றது. அயலானாகிய வேலன் பொருட்டு நோய் தீர்ந்ததுபோல் ஆனதை எண்ணி அவள் நகைக்கின்றாள்.

தொல்காப்பியர் அச்சத்துக்குச் சொன்ன நான்கனையும் இப்பாட்டொடு வைத்துப் பார்த்தல் தகும். அணங்கு உண்டு; தாய் அஞ்சுவது அதனையே. விலங்கு உண்டு, தலைவனே புலியாக உவமிக்கப்படுகின்றான். கள்வர் உண்டு, நள்ளிரவிற் காவல் கடந்து மனை புகுதல் கள்வர் செயல், அவ்வொழுக்கத்துக்குக் களவு என்பதே பெயர். இறை என்பதற்கு அரசன் எனப் பொருள்கொள்வது பெருவழக்கு. இல்லத்தில் ஆணை செலுத்துவாரையும் அச்சொல்லுள் அடக்கின், தாயும் காவலரும் அவ்விடத்தை நிரப்புவர். ஆக, அச்சத்தின் கருவிகள் ஒன்றும் குறையாமல் ஒரு காதற்பாட்டுக்குள் உள்ளன. ஆயினும் இது அச்சப்பாட்டு ஆகவில்லை. காரணம், உண்மை அறிந்தவள் தலைவி, அவளே பேசுகின்றாள். இதே நிகழ்ச்சியைத் தாய் சொன்னால் அது பேய்க்கதை. கருவி ஒன்று, கூறுவோர் வேறு. இதனைக் கட்டுரையின் பின்பகுதிக்கு நினைவில் வைத்தல் வேண்டும்.

எதிர்த்திசையில் சென்ற கதையும் நம்மிடம் உண்டு. பழையனூர் நீலி கணவனாற் கொல்லப்பட்டுப் பேயானவள். மறுபடியும் அவன் வாழ்வில் அவள் வருவது கோரப்பல்லுடன் அன்று; மனைவியாகவே வருகின்றாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் அவையின் முன் இவர் என் கணவர் என்று முறையிடுகின்றாள். குழந்தையும் அவனைத் தந்தையாக அழைக்கின்றது. அச்சொற்களை நம்பி வேளாளர் எழுபதின்மர் பிணை நிற்கின்றனர். அன்றிரவே அவன் இறக்கின்றான். வாக்குத் தவறாத எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். இக்கதையில் கொல்வது எது? நகமும் பல்லும் அல்ல. மனைவியின் குரலே கொல்கின்றது. நீலகேசிக் காப்பியம் பாடிய சமணப்புலவர் அப்பேயை அழகிய பெண்ணாக்கி, முனிவரை மயக்க அனுப்பி, அம்முயற்சியில் தோற்றவளைத் தருக்கம் வல்லவளாக ஆக்கினார். அங்கும் அவள் படைக்கலம் பேச்சே.

இக்காலத்து உரைநடையில் புதுமைப்பித்தன் (1906–1948) 1943இல் எழுதிய ‘காஞ்சனை’ இவ்விரு கரைகளுக்கும் நடுவே நிற்பது. அழகிய பெண், உறக்கமற்ற எழுத்தாளன், நள்ளிரவு, நறுமணமும் நாற்றமும் என எல்லாம் கூடியும், அவர் காதலின் பக்கம் ஓரடியும் வைக்கவில்லை. அக்கட்டுப்பாடு அவருடைய பெருமை என்பது என் எண்ணம். பிறர் உடன்படாது போகலாம்.

இனித் தெலுங்குப் புதினம் எதற்கு என்னும் வினாவுக்கு வருவோம். யான் தேன்கனிக்கோட்டையைச் சார்ந்து வாழ்பவன். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருட்டிணகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், கருநாடகத்தை ஒட்டியது இவ்வூர். இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குவன. ஊர்க் கோயிலின் இறைவர் பேட்டராய சுவாமி. பேட்டராயர் என்பது வேட்டையரசர் என்னும் பொருட்டு. தமிழின் மொழிமுதல் வகரம் கன்னடத்தில் பகரமாதல் மாணவர் அறிந்ததே. வேட்டை அங்கே ‘பேட்டெ’ ஆயிற்று, வா என்பது ‘பா’ ஆயிற்று. இவ்வொலி மாற்றத்தை நான் பாடநூலிற் கற்பதற்கு முன்பே ஒரு பேய்க்கதையிற் கற்றேன்.

1990களில் பெங்களூரிலும் அதன் சுற்றூர்களிலும் ஒரு செய்தி பரவிற்று. இரவில் ஒரு பெண்பேய் வந்து கதவைத் தட்டும். தாயின் குரலிலோ, மனைவியின் குரலிலோ, நெருங்கிய உறவினர் குரலிலோ அழைக்கும். திறந்தவர் இறப்பர். ஆகவே மக்கள் தம் கதவிலும் சுவரிலும் ‘நாளெ பா’ என எழுதி வைத்தனர். நாளை வா என்பது பொருள். எழுத்தறிந்த அப்பேய் அதனைப் படித்துவிட்டுத் திரும்பும். மறுநாளும் வந்து அதனையே படிக்கும். எங்கள் பக்கத்திலும் இக்கதை பேசப்பட்டது. அந்நாளில் என் பாட்டியார் எங்களுக்குக் கூறியது, இரவில் யார் அழைத்தாலும் முதற்குரலுக்கு ஏன் என்று கேளாதே, மூன்றாம் முறை அழைத்தால் மனிதர் என்று அறி என்பது. அஃது அவர்தம் பாட்டியாரிடம் கேட்ட விதி. நீலியின் கதையும் ‘நாளெ பா’வும் ஒரே அச்சத்தின் இரு வடிவங்கள். அன்புடையார் குரலே இறப்பின் தூண்டில் என்பதே அவ்வச்சம். 2018இல் வெளிவந்த ‘ஸ்திரீ’ என்னும் இந்தித் திரைப்படம் இச்சுவரெழுத்தை எடுத்துக்கொண்டு, நகையும் காதலும் கலந்து, பேய் வேண்டுவது அன்பும் மதிப்புமே என்று காட்டியதையும் ஈண்டுச் சுட்டலாம்.

எங்கள் காட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய வேட்டையாசிரியர் ஒருவரும் இத்தூண்டிலை அறிந்திருந்தார். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) 1954இல் வெளியிட்ட தம் முதல் நூலில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலியைப் பற்றி எழுதியுள்ளார். ஜவளகிரி தேன்கனிக்கோட்டை வட்டத்துக் காட்டூர். துணையாகிய ஆண்புலி சுடப்பட்டபின் அப்பெண்புலி காடு முழுதும் அழைத்துத் திரிந்தது; பின் தானும் சுடப்பட்டுப் புண்ணுற்று ஆட்கொல்லியாயிற்று. முடிவில் ஆண்டர்சன் அதனை எவ்வாறு வீழ்த்தினார் என்பதே நமக்கு வேண்டுவது. ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பினார். துணை அழைக்கின்றது என்று நம்பி வந்த புலியைச் சுட்டார். வேட்டைக் கதையாக எழுதப்பட்ட இதனை நான் படிக்கும்போதெல்லாம் அச்சம் புலியின்மேல் எழுவதில்லை.

அச்சக்கதையின் தலையாய கருவி காணப்படாத குரல் என்பது இவ்வளவிற் புலனாகும். இக்கருவியொடு எண்டமூரியை அணுகுவோம்.

1948இல் பிறந்த எண்டமூரி வீரேந்திரநாத் கணக்காய்வாளராகத் தொழில் புரிந்தவர், நாடகங்களும் எழுதியவர். நாடகம் எழுதியவர் குரலின் ஆற்றலை அறிந்திருத்தல் இயல்பு. 1980களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ‘துளசிதளம்’ தெலுங்கு வாசகரை ஆட்கொண்டது. துளசி என்னும் சிறுமியின்மேல் தொலைவிலிருந்து காஷ்மோரா என்னும் தீமந்திரம் ஏவப்படுகின்றது. குறித்த நாளுக்குள் அவள் இறக்க வேண்டும். ஒருபுறம் மந்திரத்தை மந்திரத்தால் எதிர்ப்பார். மறுபுறம் இது மனநோய், மருத்துவத்தால் தீர்ப்போம் என்பார். மந்திரமா நோயா என்னும் ஐயத்தை ஆசிரியர் எளிதில் அவிழ்ப்பதில்லை. இதன் தொடர்ச்சியைத் தமிழ் வாசகர் ‘மீண்டும் துளசி’ என்னும் பெயரால் அறிவர். கன்னடத்தில் 1985இல் இது திரைப்படமாயிற்று. சுசீலா கனகதுர்க்கா, கௌரி கிருபானந்தன் ஆகியோரின் மொழிபெயர்ப்புகளால் எண்டமூரி தமிழ் வாசகர்க்கு ஏறத்தாழத் தமிழாசிரியராகவே ஆகிவிட்டார். எல்லைப்புறத்தில் அவரை மூன்று மொழிகளிலும் படித்தவர் உண்டு.

அவர் எழுதிய காதற்புதினம் ‘வென்னெல்லோ ஆடபில்லா’. நிலவொளியில் ஒரு பெண் என்று பெயர்க்கலாம். ரேவந்த் சதுரங்க வல்லுநன். அவனுக்குத் தொலைபேசியில் ஒரு பெண்ணின் குரல் வருகின்றது. தன்னைக் கண்டுபிடிக்குமாறு அவள் அறைகூவுகின்றாள். அவள் தரும் சிறு குறிப்புகளைக் கொண்டு, அறிவால் ஆராய்ந்து, அவன் தேடுகின்றான். தேடல் காதலாகின்றது. அவளோ இறப்பின் வாயிலில் நிற்பவள். அவன் அவள் முகத்தைக் காண்பதில்லை. 1995இல் சுனில் குமார் தேசாய் இதனைக் கன்னடத்தில் ‘பெளதிங்கள பாலே’ என்னும் படமாக எடுத்தார். அனந்த் நாக் தலைவனாக நடித்தார்.

இக்கதையில் பேய் இல்லை, மந்திரம் இல்லை. ஆயினும் இதன் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துத் ‘துளசிதளத்’தின் அருகே வைத்தால், ஒன்றும் புதிதன்று என்பது தோன்றும். அங்கே தொலைவில் இருப்பவன் ஒருவன் வீட்டுக்குள் இருப்பவளை ஆட்டுகின்றான். இங்கே தொலைவில் இருப்பவள் வீட்டுக்குள் இருப்பவனை ஆட்டுகின்றாள். அங்கே மந்திரம் சுவரைக் கடந்து வரும். இங்கே தொலைபேசிக் கம்பி சுவரைக் கடந்து வரும். அங்கே இறப்புக்கு நாள் குறித்தாயிற்று. இங்கும் இறப்பு காத்திருக்கின்றது. அழைப்பவர் எண்ணைக் கருவியே காட்டிவிடும் இக்காலத்து மாணவர்க்கு ஒன்று சொல்லுதல் வேண்டும். அக்காலத் தொலைபேசி மணி அடித்தால், எடுத்துப் பேசும்வரை அழைப்பவர் இன்னார் என அறிய வழியில்லை. அவரே பெயர் சொன்னாலன்றிப் பின்னும் அறிய வழியில்லை. இருளில் கதவு தட்டப்படுவதற்கும் அதற்கும் வேற்றுமை சிறிது. எண்டமூரி செய்தது, ‘நாளெ பா’க் கதையின் வாயிலில் நின்று, சுவரில் எழுதாமல், கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டதே. (அவர் அக்கதையை அறிந்திருந்தார் என்று நான் கூறவில்லை, அது பரவியது பின்னரே.) திறந்தவன் இறப்பதில்லை. அழைத்தவளே இறக்கின்றாள்.

ஆகவே மேலைநாட்டார் வழியும் இவர் வழியும் வேறு. அவர்கள் பேயை நிறுத்திக்கொண்டு அச்சத்தை நீக்கினர். இவர் பேயை நீக்கிவிட்டு அச்சத்தின் கட்டமைப்பை நிறுத்திக்கொண்டார். இதனால் இவரது நூலை அமானுடக் காதற்கதை என்று பெயரிட்டு அழைத்தல் பொருந்தாது. அதன் எலும்பு மட்டும் அவ்வகையினது. நம் அகமரபுக்கு எது நெருங்கியது என்றால் இவருடைய முறையே என்பேன். அகத்திணையிலும் அணங்கு உண்மையில் வருவதில்லை. அணங்கு என்னும் அச்சத்தின் வடிவில் காதல் வருகின்றது.

‘துளசிதளத்’துக்கு அந்நாளிலேயே கடுமையான எதிர்ப்பு எழுந்தது. தெலுங்கு எழுத்தாளர் ரங்கநாயகம்மா அதனைத் துளசி இதழன்று, கஞ்சாப் புகை என்னும் கருத்துப்படத் தலைப்பிட்ட நூலால் கண்டித்தார். மூடநம்பிக்கையை வளர்க்கும் எழுத்து என்பது அவர் குற்றச்சாட்டு. இதனை எளிதில் ஒதுக்குதல் ஆகாது. பெண்ணின் மெலிவுக்குப் பேயைக் காரணமாக்கும் வழக்கம் காமக்கண்ணியாரோடு முடிந்துவிடவில்லை. உண்ணாமலும் உறங்காமலும் இருக்கும் மகளுக்குப் பேய்பிடித்தது என்று கோடாங்கியிடம் அழைத்துச் சென்று, வேப்பங்குழையால் அடித்து, தலைமயிரை முடிந்து ஆணியறையும் பெற்றோர் இன்றும் உள்ளனர். அவள் மனத்தில் யார் இருக்கின்றார் என்று கேட்பதினும் அவள் உடலில் எது இருக்கின்றது என்று கேட்பது அவர்கட்கு எளிதாக உள்ளது. வகுப்பில் அகம் 22 நடத்தும்போது, மாணவியருள் ஒருவரேனும் தலைகவிழ்ந்திருப்பதை நான் பலமுறை கண்டதுண்டு. அப்பாட்டை வெறியாட்டு என்னும் துறைப்பெயரோடு முடித்துத் தேர்வுக்கு விடும் ஆசிரியர், அத்தலைகளைப் பார்ப்பதில்லை.

இங்கேதான் கூறுவோர் யார் என்னும் வினா முதன்மை பெறுகின்றது. ‘துளசிதளத்’தில் துளசி சிறுமி, அவளுக்கு நேர்வதைப் பெரியோரே சொல்வர், பெரியோரே வழக்காடுவர். அவள் உடல் மந்திரவாதிக்கும் மருத்துவர்க்கும் போர்க்களம். ‘வென்னெல்லோ ஆடபில்லா’விலோ பெண் பேசுகின்றாள். அவள் குரலே கதை. அவளே வினாவெழுப்புகின்றாள், அவளே குறிப்புத் தருகின்றாள், ஆடவன் தேடுகின்றான். அச்சத்திலிருந்து காதலுக்கு எண்டமூரி பெயர்ந்தபோது உண்மையில் நடந்த மாற்றம் இதுவே. தாயின் கூற்றாக இருந்தது தலைவியின் கூற்றாயிற்று. சந்தையின் விருப்பம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வார இதழ்த் தொடர்கதை எழுதியவர்க்கு அஃது இல்லாதிருக்க முடியாது. ஆயின், அதனால் மட்டும் இம்மாற்றம் விளங்காது.

எனினும் அவர் முழுதும் கடந்தார் என்று சொல்வதற்கில்லை. அவள் இறந்தாக வேண்டும் என்று கதை விரும்புகின்றது. இவ்விறப்புக்குக் காதலின் உள்ளிருந்து எழும் காரணம் ஒன்றும் இல்லை. நாள் குறித்து வைத்த மரணம், காணாமலே மறையும் உருவம் ஆகியன அச்சக்கதைக்கு இன்றியமையாதன. காதற்கதைக்கு அவை வேண்டுவன அல்ல. குரலுக்கு உடையவள் ஒருத்தி கதவின் அப்பால் உயிரோடு நின்றிருந்தால், அவள் சமைப்பாள், சினப்பாள், சதுரங்கத்தில் அவனைத் தோற்கடிக்கவும் கூடும். அவ்வாறு ஒரு பெண்ணை எழுதுதல் கடினம். இறந்த பெண்ணை விரும்புதல் எளிது. நிலவொளி அதற்குப் போதும். இவ்விடத்தில் எண்டமூரி தம் பழைய தொழிலை நாடியது தெளிவாகத் தெரிகின்றது. படமெடுத்தவரும் தலைவியின் முகத்தைக் காட்டவில்லை. கதைக்கு உண்மையாக நடந்துகொண்டார் என்று பலர் அதனைப் பாராட்டினர். நானும் பாராட்டியவருள் ஒருவன்.

காமக்கண்ணியாரின் தலைவி நகைத்தாள் என்று முன்னர்க் கூறினேன். வேலன் ஆடிய களத்தில் பலியின் குருதி உலருமுன், புலிபோல் வந்தவனை அணைத்துக்கொண்டு, தன் நோய்க்கு வேறொருவன் பெயர்பெற்றதை எண்ணி நகைத்தாள். எண்டமூரியின் தலைவியும் தொலைபேசியில் அடிக்கடி நகைக்கின்றாள். வாசகனுக்குக் கேட்பது குரல் மட்டுமே.